செம்பறைக்குளத்தின் நூறு உதாரணங்கள்

எங்கள் ஊருக்கு வெளியே பைபாஸ் போட்டு முடித்த வருஷம், அதுவரை ஊருக்குள் நுழைந்து பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்று சுற்றி, புழுதி கிளப்பி, ஆளை ஏற்றி ஆளை இறக்கிப் போய்க்கொண்டிருந்த திருநெல்வேலி வண்டிகளும் நாகர்கோவில் வண்டிகளும் மதுரை வண்டிகளும் செம்பறைக்குளம் என்று ஓர் ஊர் இருப்பதையே மறந்துபோய் வெளியே அந்த வழியாகவே பறக்க ஆரம்பித்தன; ஒரு நாளைக்கு எழுபது வண்டி வந்த இடத்தில் பதினாலு மிஞ்சியது; பஸ் ஸ்டாண்டின் ஒரு மூலையில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்த நானும், வாசலில் டீக்கடை வைத்திருந்த இசக்கிமுத்துவும், நடுவில் கம்பி போட்ட அறைக்குள் மைக்கோடு உட்கார்ந்திருந்த டைம் கீப்பர் சுயம்புலிங்கம் அண்ணாச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மிச்சப் பொழுதைக் கழித்தோம்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் ஒரு வண்டியைக்கூடத் தாமதமாக அனுப்பாத மனுஷன் அவர். நேரமாகிவிட்டால் கலெக்டரே ஒரு காலைப் படியில் வைத்திருந்தாலும் விசில் ஊதிவிடுவார். ஆயிரக்கணக்கான வண்டிகளை ஊர் ஊராக அனுப்பியவர், தான் மட்டும் வள்ளியூர் தாண்டிப் போனதில்லை. பெண்சாதி செத்து வருஷம் இருபதுக்கு மேல் ஆகிறது. பகவதி என்று ஒரே மகள். அந்த அறைக்குள்தான், மைக்குக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தாள். அவள் ஊரை விட்டுப் போய்ப் பதினோரு வருஷமாயிற்று. அவளைப் பற்றி யாராவது கேட்டால் அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான் பதில்.

வண்டி குறைந்தபோது அண்ணாச்சிக்குத்தான் ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. வாய் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் சும்மா கிடந்தது. வீட்டில்தான் பேச ஆள் கிடையாது, இங்கேயும் இல்லையென்றால் என்ன செய்வது? ஒரு நாள் மேஜை டிராயரைக் குடைந்து, யாரோ பஸ்ஸில் விட்டுப்போய் யாரும் கேட்டு வராத ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார். அட்டை கிடையாது. முதல் பக்கத்தில் ‘பயணம் சார்ந்த ஆங்கில மரபுத்தொடர்கள் நூறு, தமிழ்ப் பொருளுடன்’ என்று இருந்தது. ஒவ்வொரு தொடருக்கும் கீழே பொருள், அதற்குக் கீழே ‘உதாரணம்’ என்று போட்டு, படிக்கிற பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும் என்று வெறும் புள்ளிகள் வைத்து விட்டிருந்தார்கள்.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டு நாற்பது வண்டி வந்து நின்று, ஆள் ஏறிக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி மைக்கைத் தட்டிவிட்டு, வண்டி அறிவிக்கிற அதே குரலில் வாசித்தார்: “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இன்றைய ஆங்கிலத் தொடர், ஹிட் த ரோட். பொருள், பயணத்தைத் தொடங்குதல். உதாரணம்.” புள்ளிகளை எப்படி வாசிப்பது? நிறுத்திவிட்டார். அவர் நிறுத்திய இடத்தில், கூரை மேல் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் துபாய்க்குப் போன வேலம்மா மகன் பட்டமுத்துவின் குரல் கேட்டது: “காலைல நாலு மணிக்கே ஹிட் த ரோட், வேன்ல ஏறுன ஒடனே தூங்கிருவேன், கனவுல தெனமும் நம்ம குளந்தான் வருது.”

வேலம்மா அப்போது என்னிடம்தான் டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தாள். குழாயை நிமிர்ந்து பார்த்து, “ஏலே, சாப்பிட்டியா?” என்று கேட்டாள். குழாய் பதில் சொல்லவில்லை. வண்டி எட்டு நாற்பத்தொன்றுக்குக் கிளம்பியது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை.

மறுநாள் இரண்டாவது தொடர், வேறு குரல். அதற்கு மறுநாள் மூன்றாவது, இன்னொரு குரல். ஒரு தொடருக்கு ஒரு தடவைதான். அதையே திரும்ப வாசித்தால் குழாய் இரைச்சலைத்தான் தந்தது. ஒரு வாரத்துக்குள் ஊர் இதைப் பழகிக்கொண்டது. காலை எட்டு மணிக்கே பெண்கள் தூக்குச்சட்டியில் பழையதை எடுத்துக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இசக்கிமுத்து கூடுதலாக இரண்டு பெஞ்சு போட்டான். எட்டு நாற்பது டிரைவர், யாரும் சொல்லாமலே, உதாரணம் வருகிற நேரத்துக்கு எஞ்சினை அணைத்துவைத்தார். யாரோ பக்தி முற்றிப்போய்க் குழாய்க்கு ஆளுயரச் செவ்வந்தி மாலை போட்டுவிட, அன்றைக்கு வந்த குரல் வாயில் துணி வைத்துப் பேசியதுபோல் கேட்டு, யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாமல் நான்கு வீட்டில் அழுதார்கள். அதற்குப் பிறகு மாலை குழாய்க்குக் கீழே இருக்கிற தூணுக்கு என்று முடிவாயிற்று. திருநெல்வேலியிலிருந்து ஓர் அதிகாரி, வண்டிகள் தினமும் ஒரு நிமிஷம் பிந்துவதை விசாரிக்க வந்தார். அவர் நின்ற அன்று, எப்போதோ இதே ஸ்டாண்டில் அவரே பம்பாய்க்கு ஏற்றிவிட்ட அவருடைய தம்பியின் குரல் வந்தது. அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். ‘ஒலிபெருக்கி நல்ல நிலையில் இயங்குகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

போனில் பேசக் கூடாதா, இதற்கு ஏன் இவ்வளவு கூட்டம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். போனில் எல்லோரும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார்கள். குழாயில் வந்த உதாரணத்துக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. தனி அறை, தனிக் கட்டில் என்று அளந்துகொண்டிருந்த ஒருவன், “பதினாலு பேருக்கு ஒரு ஃபேன், அது நின்னா பதினாலு பேரும் இன் த சேம் போட்” என்றான். புருஷன் வீட்டில் ராணி மாதிரி இருப்பதாகச் சொல்லப்பட்ட ரெஜினா, சூரத்திலிருந்து, “கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் ஐ லிவ் அவுட் ஆஃப் எ சூட்கேஸ், துணிய எடுத்து அலமாரில வச்சுட்டா இங்கனயே இருந்துருவனோன்னு பயமாருக்கு” என்றாள். அவளுடைய அண்ணன் அதே எட்டு நாற்பதில் ஏறிப் போய், பத்தாம் நாள் பெட்டியோடு அவளைக் கூட்டிவந்துவிட்டான். சிரிப்புக்கும் குறைச்சலில்லை. ஒருத்தன் தன் பெண்சாதியை, பின்னாலிருந்து ஓயாமல் யோசனை சொல்லுகிற பேக்சீட் டிரைவர் என்று சொல்லப்போக, பொருளைக் கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய ஆத்தா, இவன் எந்த ஜென்மத்தில் ஒழுங்காக வண்டி ஓட்டினான் என்று குழாயோடு மல்லுக்கு நின்றாள்.

ஒரே ஒரு தொடருக்கு மட்டும் ஊர் பயந்தது. நாற்பத்தொன்றாவது தொடர், எண்ட் ஆஃப் த ரோட். பொருள், இதற்கு மேல் போக வழியில்லாத நிலை. வாசிப்பதற்கு முந்தின நாளே எப்படியோ விஷயம் கசிந்து, பெண்கள் அண்ணாச்சியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். “வேண்டாம் அண்ணாச்சி, எங்க பிள்ளைக வாயில அது வரப்படாது” என்றார்கள். அண்ணாச்சி அந்தப் பக்கத்தை மடித்துவைத்துவிட்டு நாற்பத்திரண்டுக்குப் போனார். மடித்த பக்கம் மடித்தபடியே இருந்தது.

இத்தனை நடந்தும் அண்ணாச்சி எதற்காகத் தினமும் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, எட்டரைக்கே மைக்கைத் துடைத்துவைத்துக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். ‘உதாரணம்’ என்று சொல்லி நிறுத்தும்போது அவருடைய வலது கை மேஜை டிராயரின் பிடியில் இருக்கும். அதற்குள் ஒரு கைக்கடிகாரம், வந்த பெட்டியிலேயே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹூப்ளியிலிருந்து கூரியரில் வந்தது. கடிதம் ஏதும் கிடையாது. அனுப்பியவர் பெயர் பகவதி என்றும், கீழே ஒரு வீட்டு விலாசமும் மட்டும் இருந்தன. வேறு யாருடைய குரலோ குழாயில் வந்ததும் கையை எடுத்துக்கொண்டு, வண்டிக்கு விசில் ஊதுவார். ஐம்பது நாள், அறுபது நாள், எழுபது நாள் பார்த்தேன்.

நானும் ஒரு குரலுக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், சட்டையை மாட்டிக்கொண்டு போனவர்தான். எந்த வண்டி, எந்த ஊர் என்று தெரியாது. பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தன் புருஷன் எந்த பஸ்ஸில் போனார் என்று தெரியாது என்பதைச் சொல்லி ஊர் நன்றாகச் சிரித்திருக்கிறது. சிரிக்கட்டும்.

சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் யார் யாரை ஏற்றிவிட வந்தார்கள் என்பது தன்னால் மனதில் பதிந்துவிடும். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘வாரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். நிற்கிறவர் ‘போயிட்டு வா’ என்று வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும், தலையை மட்டும் ஆட்டினால் போதாது. சொல்லிவிட்டு, வண்டி பெட்ரோல் பங்கு திருப்பத்தில் மறைகிறவரைக்கும் கூடவே நடப்பார்கள். பட்டமுத்துவுக்கு அவன் ஆத்தா சொன்னாள், முறுக்குப் பொட்டலத்தோடு பங்கு வரைக்கும் ஓடவும் ஓடினாள். ரெஜினாவுக்கு அவள் அண்ணன் சொன்னான். எண்பதாவது நாள் வாக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு குரலாக எண்ணிப் பார்த்தபோது எனக்குச் சுரீரென்றது. குழாயில் வந்தவர்கள் அத்தனை பேரும் ‘வாரேன்’ சொல்லி, ‘போயிட்டு வா’ வாங்கிக்கொண்டு போனவர்கள். இன்னும் குரல் வராத வீடுகளில் போய்க் கேட்டேன். ஒருவரும் ஏற்றிவிட வந்திருக்கவில்லை. ஒன்று சண்டை, இல்லையென்றால் வேலை, இல்லையென்றால் சொல்லாமல் போனது.

பகவதி போன காலை எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. ஹூப்ளியில் வேலைக்குப் போயிருந்தவள், லீவுக்கு வந்து திரும்புகிற நாள் அது. எட்டு இருபதுக்கு ஒரு பெட்டியோடு வந்தாள். கூட வேலை பார்க்கிற பையனை ஹூப்ளியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டதை, கம்பிக்கு வெளியே நின்று, அப்பாவிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கீழே வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். பிறகு, “வாரேம்ப்பா” என்றாள். பத்தடி தள்ளி நான் நின்றேன். அண்ணாச்சி மைக்கை அழுத்தினார். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தடம் எண் முப்பத்தேழு, திருநெல்வேலி செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது” என்றார். மகளுக்கு அவர் சொன்ன பதில் அதுதான். அவள் ஏறிப் போய்விட்டாள். பங்கு வரைக்கும் அந்த வண்டியோடு யாரும் நடக்கவில்லை. நானும் நடக்கவில்லை, எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது, நெஞ்சுக்குள் முள் போட்டு வைத்திருப்பது போல இருந்தது. தொண்ணூற்றேழாம் நாள், கூட்டம் கலைந்த பிறகு, கம்பியருகே போனேன்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படக் கூடாது.”

“சொல்லு முப்புடாதி.”

“பகவதி குரல் இதுல வராது.”

டிராயர்ப் பிடியில் இருந்த கை அப்படியே நின்றது. “அத நீ எப்படிச் சொல்லுத?”

“வந்தவுக எல்லாம் போயிட்டு வாங்கிறதக் கேட்டுட்டுப் போனவுக. அவ வாரேம்ப்பான்னு சொன்னா. நீங்க பதில் சொல்லல.”

அவர் வழக்கம்போலச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “அன்னைக்கு வண்டிக்கு நேரமாயிருச்சும்மா” என்றார்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் ஆனா உலகமா அழிஞ்சுரும்?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் போல ஆகிவிட்டது.

“என்ன சொல்லணும்னு தெரியல முப்புடாதி” என்றார். “வாயத் தொறந்தா அழுதுருவேனோன்னு இருந்துச்சு. மைக்குல பேசுனா கொரல் ஒடையாது. முப்பது வருஷப் பழக்கம், அது பாட்டுக்கு வந்துரும்.”

மறுநாள் அவர் தொடரை வாசித்தார். சாயங்காலம் லீவுக்கு எழுதிக் கொடுத்தார். அதற்கு மறுநாள், நூறாவது தொடர், டிராவல் லைட். பொருள், குறைந்த சுமையோடு பயணம் செய்தல். யாரோ ஒருத்தி திருப்பூரிலிருந்து ஏதோ சொல்ல, அது வீட்டைப் பற்றியா மாமியாரைப் பற்றியா என்று பெண்கள் கூடிக்கூடி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமளியில், எட்டு நாற்பது வண்டி புறப்படத் தயாராக உள்ளது என்று அறிவித்துவிட்டு, மைக்கை அணைத்து, அறையைப் பூட்டி, ஒரு ரெக்ஸின் பையோடு சுயம்புலிங்கம் அண்ணாச்சி அந்த வண்டியில் ஏறியதை ஒருவரும் கவனிக்கவில்லை. நூறு நாளாக அந்த மனுஷன் வாயைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஊர், அவர் முதுகைப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான் ஓடினேன். அவர் படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தக் கடிகாரம் கட்டியிருந்தது. சாவியையும் புத்தகத்தையும் என்னிடம் நீட்டினார்.

“திருநெல்வேலி, மதுரை, பெங்களூரு, அங்கேருந்து ஹூப்ளி. மூணாம் நாள் காலைல போய்ச் சேருவேன்னு சொல்லுதாவ. மூணாம் நாள் எட்டு நாப்பதுக்கு மடிச்ச பக்கத்த வாசி.”

“அது எண்ட் ஆஃப் த ரோட்லா அண்ணாச்சி? ஊரே வேண்டாம்னு சொல்லுதே.”

“ஊருக்கு வேண்டாம். எனக்கு அதுதான் மிச்சமிருக்கு” என்றார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அப்ப, போறேன்” என்றார்.

“போறேன்னு சொல்லப்படாது.” எத்தனை ஆயிரம் பேர் விடைபெற்றதைக் கம்பிக்குள்ளிருந்து கேட்ட மனுஷனுக்குத் தனக்கென்று வரும்போது தெரியவில்லையே. “வாரேன்னு சொல்லுங்க.”

“வாரேன்.”

“போயிட்டு வாங்க அண்ணாச்சி” என்றேன், ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி. அப்போதும் ஒருவரும் திரும்பவில்லை. விசில் ஊத ஆள் இல்லாததால் வண்டி தானாகவே தயங்கித் தயங்கி நகர்ந்தது. டோக்கன் டப்பாவை அப்படியே போட்டுவிட்டு நான் கூடவே நடந்தேன், பிறகு கொஞ்சம் ஓடினேன், பங்கு திருப்பம் வரைக்கும். ஜன்னலில் அவர் கை தெரிந்தது. கையை ஆட்டவில்லை, ஆட்டலாமா என்று யோசிப்பது போல் வெளியே நீட்டி வைத்திருந்தார்.

இரண்டு நாள் குழாய் சும்மா இருந்தது. மூன்றாம் நாள் நான் வாசிக்கப்போவது தெரிந்ததும் ஊர் என் மேல் பாய்ந்தது. அந்தத் தொடர் யார் பிள்ளை வாயில் வருமோ, அதற்கு நீ ஜவாப்தாரியா என்று கேட்டார்கள். வேலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டேன். அன்று காலை ஒருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. குளத்தங்கரை வரைக்கும் எட்டுகிற குழாய் அது. கதவைச் சாத்தினால் மட்டும் கேட்காமல் போய்விடுமா? ஆனாலும் சாத்திக்கொண்டார்கள். இசக்கிமுத்து மட்டும் காலி பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றான். எட்டு நாற்பது டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

அண்ணாச்சியின் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அந்த அறையிலிருந்து என்ன தெரியும் என்று பார்த்தேன். கம்பி வழியாக, நடைமேடையும், வண்டியின் படியும், அதற்கு மேலே கொஞ்சம் ஜன்னலும் தெரிந்தன. போகிறவர்களின் முகம் தெரியாது. முப்பத்தொரு வருஷம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மைக்கை அழுத்தினேன். “இன்றைய ஆங்கிலத் தொடர், எண்ட் ஆஃப் த ரோட். பொருள், இதற்கு மேல் போக வழியில்லாத நிலை. உதாரணம்.”

குழாய் கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு, எங்களுக்கு முப்பத்தொரு வருஷமாகத் தெரிந்த அந்தக் குரல், மைக் இல்லாத இடத்தில், உடைந்து உடைந்து வந்தது:

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு… ஏட்டி பகவதி, அப்பா வந்துருக்கேன், பதினோரு வருஷம் தாமதம், இதுக்கு மேல எனக்குப் போக வேற எடம் கெடையாது, எண்ட் ஆஃப் த ரோட், கதவத் தட்டிட்டு நிக்கேன்.”

அதற்குப் பிறகு ஒரு தாழ்ப்பாள் சத்தம். அவ்வளவுதான். குழாய் அடங்கிவிட்டது.

ஊர் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு வந்தது. தங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை என்ற நிம்மதியில் எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது. தாழ்ப்பாளைத் திறந்த சத்தமா, போட்ட சத்தமா என்று டீக்கடையில் மத்தியானம் வரைக்கும் சண்டை. மகள் அப்பனைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள் என்றார்கள் சிலர். பதினோரு வருஷக் கோபம் லேசா என்றார்கள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்: “அவுக தட்டிட்டு நின்னது சாத்துன கதவ. சாத்துன கதவுல தாழ்ப்பாச் சத்தம் வந்தா அது தொறக்குற சத்தந்தான்.”

வேலம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

எல்லோரும் போன பிறகு அறையைப் பூட்டப் போனேன். புத்தகத்தில் வாசிக்க ஒன்றும் மிச்சமில்லை. நூறும் முடிந்துவிட்டது, இனிக் குழாயில் எந்தக் குரலும் வராது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்தேன். மைக்கை அழுத்தினேன். ஆறு வருஷமாகக் கேட்காத ஒரு ‘வாரேன்’ என்ற சொல்லுக்கு, எந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறாரோ அந்த மனுஷனுக்கு, குளத்தங்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி, “ஏங்க, போயிட்டு வாங்க” என்றேன்.

என் குரல் ஊரைச் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்தது. ஸ்டாண்டில் யாரோ சைக்கிள் மணியை அடித்தார்கள். மைக்கை அணைத்துவிட்டு, டோக்கன் கொடுக்கப் போனேன்.